மூணாம் லயத்து ரேடியோ

வேலைக்கு முன்னால் எல்லாரும் கூடுகிற பெரட்டுக்களத்தில் அன்னைக்குக் காலையில் ஜெயம்மா கேட்டது தினமும் கேட்கிற கேள்விதான்.

"என்னா கோகிலா, என்னா வெசயம்?"

கோகிலா றப்பர்ப் பால் வாளியைக் கையில் மாட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கங்காணிகூட நிமிர்ந்து பார்த்தார். முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். பின்னால் நின்றவர்கள், என்னவாம், என்ன சொன்னாளாம்னு முன்னால் நின்றவர்களைக் கேட்டார்கள். ஒண்ணுமில்லையாம்னு பதில் போனது. அடைமழைக் காலத்தில் களனி கங்கை வத்திப்போச்சுன்னு யாராவது வந்து சொல்லியிருந்தால்கூட அந்தத் தோட்டம் அவ்வளவு அதிசயப்பட்டிருக்காது.

தோட்டத்து வரிசை வீடுகளில் மூணாவது வரிசையில் குடியிருந்த கோகிலாவுக்கு மூணாம் லயத்து ரேடியோன்னு பேர். மேல் டிவிசனில் மாடு கன்னு போட்டால், கன்னு எழுந்து நிற்பதற்குள் அது காளையா கிடேரியான்னு கீழ் டிவிசனுக்குத் தெரிந்திருக்கும். றப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டே கோகிலா செய்தி வாசிப்பாள். பக்கத்து மரத்துக்காரி அதை வாங்கி அடுத்த மலைக்குக் கொடுப்பாள். சிரட்டையில் பால் நிறையும் முன்பே செய்தி தோட்டம் முழுக்க நிறைந்துவிடும்.

அந்த வாய்தான் இப்ப மூடிக்கொண்டது. மகள் சசி ஒரு காரணம், மஸீஹா மிஸ் இன்னொரு காரணம்.

சசிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை நல்ல பையன். கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களைக் காற்றடைத்த தோணியில் உட்கார வைத்து ஆற்றில் இறக்கிவிடுகிற வேலை. பொண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. சாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. அப்புறம் மாப்பிள்ளையோட அம்மா தரகர் மூலமாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். பொண்ணு தங்கமாம். ஆனால் பொண்ணைப் பெத்தவள் வாய் இருக்கே, நாளைக்கு நம்ம வீட்டு அடுப்பில் என்ன கொதிக்குதுன்னு ரம்புக்கனை ஸ்டேசன் வரைக்கும் தெரிஞ்சிருமாம். அதனால் கொஞ்ச நாள் பாப்போமாம்.

அந்தப் "பாப்போம்" வந்த நாளிலிருந்து சசி அம்மாவோடு பேசவில்லை. எதுவாக இருந்தாலும் அப்பா வழியாகத்தான். "அப்பா, அம்மாகிட்ட உப்பு எங்கன்னு கேளுங்க" என்பாள். கன்னையா உப்பு எங்கன்னு கேட்பார். கோகிலா பானைக்குப் பின்னாலன்னு சொல்லுவாள். பானைக்குப் பின்னாலயாம்னு அவர் மகளிடம் சொல்லுவார். மூன்று பேரும் அந்த ஒரே அடுப்படியில்தான் நிற்பார்கள்.

இந்த நிலைமையில்தான் மஸீஹா மிஸ் வந்து சேர்ந்தார். கடல் பொங்கி வந்து அடித்த அடுத்த வருசம் அது. நாடு முழுக்க ஆட்கள் மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். கரையோரமெல்லாம் பேசி முடித்து, மிஞ்சின பேச்சு மலையேறிக் கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் வந்தது. மாவனெல்லையிலிருந்து மஸீஹா மிஸ் மனநல வேலைத்திட்டம் ஒன்றுக்காக ஒரு வேனில், பேனரும் ஒலிபெருக்கியுமாக வந்து இறங்கினார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் கூட்டம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நாடகம் போட்டார்கள். ஒருத்தன் முதுகில் கவலைன்னு எழுதின சாக்கோடு தள்ளாடித் தள்ளாடி வந்தான். இன்னொருத்தனிடம் மனம் விட்டுப் பேசினான். சாக்கை இறக்கி வைத்துவிட்டு ஆடினான். சனம் கை தட்டியது.

மிஸ் நல்ல மனுசி. ஆட்களைப் பார்த்துச் சிரித்துப் பேசினார். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு ஆள் வேணும், கவலை இருக்கிறவங்க அவங்ககிட்ட போய்ப் பேசணும்னு சொன்னார்.

"ஒங்க மனசுல இருக்கிறத இவங்ககிட்ட கொண்டுபோய் எறக்கி வைங்க. மிச்சத்த இவங்க பாத்துக்குவாங்க."

மூணாம் லயத்துக்கு யாருன்னு கேட்டதும் மொத்த லயமும் கோகிலாவைக் காட்டியது. எதற்கும் கை தூக்காத சனத்தில் ரெண்டு கையையும் தூக்கினவர்களும் உண்டு. கேலி பண்றாங்கன்னு கோகிலா நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

தெரிவானவர்களைக் கேகாலைக்குக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். மிஸ் சொல்லிக் கொடுத்தது சுருக்கம்தான். கேட்கணும். தலையாட்டணும். புத்தி சொல்லக் கூடாது. "அது ஒங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்"னு சொல்லலாம். எல்லாத்துக்கும் மேல, கேட்டதை யாருக்கும் சொல்லக் கூடாது.

கோகிலா கை தூக்கிக் கேட்டாள். "புருசன்கிட்ட?"

"சொல்லக் கூடாது."

"சாமிகிட்ட?"

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "சாமிகிட்ட சொல்லலாம். சாமி வேற யாருக்கும் சொல்லாதுதானே."

திரும்பி வருகிற பஸ்ஸில் கோகிலாவுக்கு வழி கிடைத்துவிட்டது. இந்த வேலையைச் சுத்தமாகச் செய்து, ரேடியோங்கிற பேரை அழித்துவிட வேண்டும். அந்தச் சேதி கித்துல்கலைக்குப் போக வேண்டும். சசியின் கழுத்தில் தாலி ஏற வேண்டும். இறங்கினவள் வீட்டுக்குப் போகாமல் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, யார் சொன்னதையும் யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினாள். பார்த்தது அம்மனும், படிக்கட்டில் படுத்திருந்த நாயும்தான்.

முதலில் வந்தது ஷாமிளா. ஜெயம்மாவின் மருமகள். எம்பிலிப்பிட்டிய பக்கத்துப் பொண்ணு. பால் வெட்டுகிற மலையில் மரத்துக்கு மரம் நகர்ந்து நகர்ந்து கோகிலா பக்கத்தில் வந்து நின்றாள். மாமியார் சமையலில் உறைப்புத் தாங்க முடியலையாம். வயிறு எரியுதாம். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் ஒரு தனி அடுப்புப் போட்டுக் கொடுத்தால் போதுமாம். அதை மாமியார் மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கிறதுன்னு கண் கலங்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்க அக்கா" என்றாள், போகும்போது.

கோகிலா தலையாட்டினாள். அது ஒனக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்னும் சொன்னாள். சூடம் அணைத்த கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

ரெண்டு நாள் கழித்து, அதே கிழமையில், ஜெயம்மா வந்தாள். மருமகள் எல்லாத்திலும் மாசிக் கருவாட்டைப் போட்டு, தேங்காய்ப்பாலை ஊத்தி, வாயில் வைக்க முடியலைன்னு ஆரம்பித்தாள். தனியா ஒரு அடுப்பு மூட்டிக்கிட்டுப் போனாள்னா நிம்மதி. ஆனால் நானாச் சொன்னால், மருமகளை வெரட்டிட்டான்னு ஊர் பேசும்.

"ஒங்கிட்டதான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிறாத."

கோகிலாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே அடுப்பு. ஒரு வார்த்தை, அரை வார்த்தை போதும். வாயைத் திறந்தாள், பல்லைக் கடித்தாள், "அது ஒங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

"கஷ்டம்னுதானே வந்து சொல்றேன்" என்றாள் ஜெயம்மா.

அதுக்கப்புறம் நாகலிங்கம் தலைவர். தோட்டத்துச் சங்கத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான் தலைவர். கடைக்கார மக்கீன் முதலாளியின் ஆடு, திருவிழாவுக்குக் கட்டி வைத்திருந்த செவ்வந்தி மாலையைத் தின்றுவிட்டது. ஆட்டை ஏச வேண்டியவர் ஆட்டுக்காரரை ஏசிவிட்டார். இனி ஒங் கடைல தேத்தண்ணி குடிச்சா நான் மனுசன் இல்லைன்னு பத்துப் பேர் முன்னால் சொன்னார். அன்றிலிருந்து தேத்தண்ணிக்காக மலை இறங்கிச் சந்தி வரைக்கும் போய் வருகிறார். போவது பெரிசில்லையாம். அங்கே பேப்பரை உரக்க வாசித்தால் யாரும் எதிர்த்துப் பேசுறதில்லையாம். மக்கீன் ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னால் போயிருவாராம்.

சாமான் வாங்கப் போன கோகிலாவை மக்கீன் முதலாளியும் விடவில்லை. சீனியை நிறுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்த மனுசன் வராம கடை மய்யத்து வீடு மாதிரிக் கெடக்கு. பேப்பர் வருது, மடிச்சபடியே கெடக்கு. நான் வாங்கன்னு கூப்பிட்டு, அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எனக்கு என்னா மரியாத?" அப்புறம் சீனியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்ல வேணாம், ஹரியா?" என்றார்.

ஹரி, சரின்னு சொல்லிவிட்டு வந்தாள் கோகிலா.

மனசில் ஒரு பெருமை. இத்தனை வருசம் ரேடியோன்னு சிரித்த சனம், இன்னைக்கு நம்பி வருது. சூடம் அணைத்த விசயம் எப்படியோ பரவியிருக்கும்னு நினைத்தாள். இந்த நம்பிக்கை கித்துல்கலைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்னு மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

ஆனால் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். சொன்னதையே சொன்னார்கள். ஷாமிளா மறுபடி அடுப்பைப் பற்றிச் சொன்னாள், இந்தத் தடவை அடுப்பு எந்த மூலையில் இருக்கணும்ங்கிற வரைக்கும். நாகலிங்கம், "நான் போன கெழம ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டார்.

"நல்லா இருக்கு தலைவரே."

"இல்ல, மறந்திட்டியோன்னு."

"உசிர் போனாலும் மறக்க மாட்டேன்."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பாரம் இன்னும் இறங்கலை போலன்னு கோகிலா முடிவு பண்ணினாள். இன்னும் நல்லாக் கேட்க வேண்டும். இன்னும் ரகசியமாகக் கேட்க வேண்டும். லயத்துக் காம்பரா சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு சொல்லுவார்கள். அதனால் இனிமேல் பேச வருகிறவர்களைக் கோயிலுக்குப் பின்னால், பீலித் தண்ணி விழுகிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே தண்ணி இரைச்சலில் பேசுகிறவர் வாய் அசைகிறதுதான் தெரியும். ஜெயம்மா தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள். அட்டை கடித்ததுதான் மிச்சம்.

"ஏண்டி இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வார? வீட்ல சொன்னா என்னா?"

"ஒங்க நல்லதுக்குத்தான்க்கா. காத்துக்குக்கூட கேக்காது."

ஜெயம்மா காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

அடுத்த நாள் மூணாம் லயத்தில் சட்டி உடைந்தது. மாசி போட்ட பருப்பு வாசலில் கிடந்தது. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், வானத்தைப் பார்த்துத் திட்டினார்கள். ஷாமிளா துணியை மூட்டை கட்டினாள். எம்பிலிப்பிட்டிய பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாள். புருசன்காரன் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டதால்தான் அன்னைக்குப் போகவில்லை. அதே நாள் மழையில் சந்திக்குப் போன நாகலிங்கம் படியில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு, ரெண்டு பேர் தோளில் வந்து சேர்ந்தார். வருகிற வழியில் மக்கீன் கடையைத் தாண்டினார்கள். மக்கீன் வாசலுக்கு வந்தார். நாகலிங்கம் நிமிர்ந்தார். ரெண்டு பேரும், கடையோரம் சாமானோடு நின்ற கோகிலாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைக்கு அவள் ஒரு அர்த்தம்தான் எடுத்தாள். எங்கேயோ கசிந்துவிட்டது, நான்தான் சொன்னேன்னு நினைக்கிறாங்க.

இனிமேல் வாயையே திறக்கக் கூடாது. பல் வலின்னு தாடையோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டாள். பெரட்டுக்குக் கை தூக்கினாள். கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்கினாள். வீட்டில் கன்னையாவிடமும் சாடைதான். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் அடுப்பும் ஆடும் மாறி மாறி வந்தன.

கன்னையா றப்பர் சீட்டுக்குப் புகை போடுகிற வீட்டில் வேலை செய்கிறவர். புகைக்குள் இருந்து இருந்து, அதிகம் பேசாத மனுசன். அவரே ஒரு நாள் பேசிவிட்டார்.

"நீ பேசுறப்ப, எப்படா நிறுத்துவான்னு இருந்திச்சு. இப்ப வீட்டுக்கு வரவே பயமா இருக்கு. ஒடம்புக்கு என்னா?"

கோகிலா தலையை ஆட்டினாள். அவர் அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். மருந்து கொடுக்கிற ஐயா சுவரில் மஸீஹா மிஸ் ஒட்டிவிட்டுப் போன போஸ்டரைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். தூக்கம் இல்லையா. பசி இல்லையா. யாரோடும் பேசப் பிடிக்கலையா. மூன்றுக்கும் கோகிலா தலையாட்டினாள். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். இந்த வேலைத்திட்டம் ஆரம்பிச்சு வருகிற முதல் ஆள் நீதான்னு சொன்னார். மனசில் இருக்கிறதை யாரிடமாவது சொல்லணும்னார். ஒங்க லயத்துக்கு ஒரு ஆள் போட்டிருப்பாங்களே, அவங்களைப் போய்ப் பாருன்னு சொல்லி அனுப்பினார்.

சாயந்தரத்துக்குள் செய்தி தோட்டம் முழுக்கப் போனது. முதல் தடவையாகக் கோகிலா இல்லாமல், கொஞ்சம் தப்பும் தவறுமாகப் போனது. கோகிலாவுக்குப் பேச்சு விழுந்துவிட்டதுன்னு மேல் டிவிசனில் சொன்னார்கள். பேய் பிடித்திருக்கு, கோடாங்கி வருகிறார்னு கீழ் டிவிசனில் சொன்னார்கள். சசி மட்டும் முதல் முறையாக நேரே அம்மா முகத்தைப் பார்த்து, "கித்துல்கலைக்கு இதுவும் போயிருக்கும்" என்றாள். பொண்ணோட அம்மாவுக்கு மனசு சரியில்லைன்னு போனால், அந்தப் "பாப்போம்"கூட மிஞ்சாது. கோகிலா துண்டுக்குள்ளேயே அழுதாள்.

மாசக் கடைசியில் நிறைவு விழா. சுற்று வட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்துப் பிள்ளைக்காம்பராவில்தான் வைத்தார்கள். வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கித்துல்கலைப் பக்கத்து வேனிலிருந்து, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையோட அம்மா இறங்கினார். இறங்கினவர் முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். எதற்கு வந்திருக்கிறார்னு கோகிலாவுக்குத் தெரியும். விசாரிக்கத்தான். துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கடவுளே, இன்னைக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கணும்னு வேண்டிக்கொண்டாள்.

மஸீஹா மிஸ் எல்லா லயத்து ஆட்களையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். பிறகு ஒலிபெருக்கியைச் சனத்தின் பக்கம் நீட்டி, ஏதாவது குறை இருந்தால் பயப்படாமல் சொல்லுங்கன்னார்.

நாகலிங்கம் தலைவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"மிஸ், மூணாம் லயத்து சார்பாப் பேசுறேன். எங்களுக்கு இந்தக் கோகிலா வேணாம். ஆள மாத்திக் குடுங்க."

பின்னால் இருந்து ஆமா, ஆமான்னு சத்தம் வந்தது. மக்கீன் முதலாளி தொப்பியைச் சரி செய்துகொண்டு, தலைவர் சொல்றது சரிதான்னார். ஆடு மாலையைத் தின்ற பிறகு ரெண்டு பேரும் ஒரே பக்கம் பேசினது அன்னைக்குத்தான். ஷாமிளாவும் தலையாட்டினாள். கோகிலா முன் வரிசையைப் பார்த்தாள். பச்சைச் சேலை கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது.

மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. இப்படி ஒரு முறைப்பாடு வந்தால் முழு வேலைத்திட்டமும் போச்சு. மெதுவாகக் கேட்டார்.

"அவங்ககிட்ட நீங்க சொன்னது ஏதாவது வெளிய போயிருச்சா?"

நாகலிங்கம் பதில் சொல்வதற்குள் கோகிலா மேடையில் முன்னுக்கு வந்துவிட்டாள். இத்தனை நாள் கட்டிக்கிடந்த குரல் கரகரத்து வந்தது.

"மிஸ், நான் அம்மன் முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். யார் சொன்னதையும் யாருக்கும் சொல்லல. எங்க வீட்டு மனுசனுக்கே சொல்லல. வேணும்னா கேளுங்க."

கன்னையா கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

"உண்மைதான் மிஸ். எனக்கு ஒண்ணுமே தெரியாது. தேத்தண்ணி ஆறுதுன்னுகூட இப்பெல்லாம் சொல்றதில்ல."

மாப்பிள்ளையோட அம்மா கோகிலாவை மேலும் கீழும் பார்த்தார். அப்ப என்னதான் குறைன்னு மிஸ் சனத்தைப் பார்த்தார்.

ஜெயம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கொறையத்தான் மிஸ் நாங்களும் சொல்றோம். ஆளுக்கு நேரா சொல்ல முடியாததயெல்லாம், இவ எப்படியும் போய்ச் சொல்லிருவான்னு நம்பித்தானே இவகிட்ட கொட்டுனோம். இன்னைய வரைக்கும் ஒரு வார்த்தையாவது போய்ச் சேத்தாளான்னு கேளுங்க."